கச்சான் காற்றுக்கு ஓர் அயன்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் உள்வீதி ஒன்றில் கல்வீடு; அத்திவாரம் வெட்டியதும் நான், கூரைக்கு ஓடு போட்டதும் நான். இறங்குதுறைக்குப் பின்னால் தகரக் கூரையோடு ஒரு பட்டறை. அந்தப் பட்டறைக்குள் ஒரு கடைசல் இயந்திரம். வெள்ளைக்காரர் எறிந்துவிட்டுப் போன இரும்புக் குவியலுக்குள் ஒவ்வொரு பல்லாகத் தேடி எடுத்து நானே பூட்டியது. மூதூருக்கு ஓடிய லோஞ்சுப் படகுகளில் ஆறுக்கு என் கையால் செய்த சுக்கான். குச்சவெளியில் ஒரு நெல்லு மில்லுக்கு, மூன்று பேர் வந்து பார்த்து ஏலாது என்று விட்டுப்போன இயந்திரத்துக்கு உயிர். மூன்று பெண்பிள்ளைகள், மூவரும் ஆசிரியைகள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இவற்றில் எதற்கும் எனக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

இதெல்லாம் என்னுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது பதினொரு செட் கோல்ஃப் அயன்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். சாம்பல்தீவில் மீன் பிடித்தவரின் மகனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன கதை என்று என் மனைவியே கேட்டவள்தான். விளையாட்டுத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கோல்ஃப் என்பது சின்னப் பந்து ஒன்றைத் தடியால் அடித்துத் தூரத்துக் குழிக்குள் விழுத்துகிற விளையாட்டு. தடிகளில் சிலவற்றுக்கு மரத்தலை, சிலவற்றுக்கு இரும்புத்தலை. இரும்புத்தலைத் தடியைத்தான் அயன் என்பார்கள். அயன்களுக்கு இரண்டில் இருந்து ஒன்பது வரை இலக்கம் உண்டு. இலக்கம் கூடக்கூடத் தடி குட்டையாகும், தலையின் முகம் பின்னுக்குச் சாயும், பந்து உயரமாக எழும்பிக் கிட்ட விழும். இலக்கம் குறைந்த அயன் பந்தைத் தூரம் கொண்டுபோகும். ஆனால் நல்ல கை உள்ளவனுக்குத்தான் அது படியும். இவ்வளவு தெரிந்தால் போதும். நானும் இவ்வளவோடுதான் தொடங்கினேன்.

குடாவின் உட்கரையில் வெள்ளைக்காரர் விளையாடிய திடல் ஒன்று இருந்தது. அவர்களுடைய கடற்படை போனபோது கிளப்பின் களஞ்சிய அறை நிறைய அயன்களை விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் கிளப்பை எடுத்ததும் அந்த அயன்களைப் பங்கிட்டார்கள். எப்படிப் பங்கிட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யார் எப்படி அடிக்கிறார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. யார் என்ன உத்தியோகம் என்று பார்த்தார்கள். கலியாணப் பந்தியில் தலைவாழை இலை போடுகிற ஒழுங்கில், பெரிய உத்தியோகத்தருக்கு முதல் செட், அடுத்தவருக்கு அடுத்த செட்.

களஞ்சியத்தில் இருந்ததிலேயே நல்லது என்று பெயர் பெற்ற செட், கிண்ணம் கிண்ணமாக வென்ற கப்பல் கப்டன் ஒருவருடையது. மீன் வெட்டுகிற கத்தியைப் போல மெல்லிய தலை, வளையாத உருக்குத் தண்டு. அது கிளப்பின் புதிய தலைவருக்குப் போனது. தலைவர் ஒரு பெரிய அரசாங்கக் கந்தோரின் மேலதிகாரி. அதற்கு முன் கோல்ஃப் தடியைக் கையால் தொட்டதில்லை. அவருடைய கந்தோரில் வேலை செய்த கிளாக்கர் ஒருவருக்குக் கடைசியில் மிஞ்சிய செட் கிடைத்தது. அது யாரோ ஒரு துரையின் மனைவி விளையாடியது; துவளுகிற தண்டு, இலேசான தலை. அந்தக் கிளாக்கரோ பத்து வருஷம் வெள்ளைக்காரருக்குப் பை சுமந்து, அவர்கள் போனபின் அந்தத் திடலில் இருந்த ஒரே உண்மையான ஆட்டக்காரர்.

நான் அப்போது கடற்படைத் துறையில் ஃபிட்டர் வேலை போய், சொந்தப் பட்டறை போட்டு இரண்டு வருஷம். ஒருநாள் தலைவர் காரில் வந்து இறங்கினார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிளாக்கர்.

"பாஸ், இந்த அயன் எல்லாம் கோணிப்போச்சு. நிமித்தித் தாரும்" என்றார் தலைவர். கைவேலைக்காரரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

நான் ஒவ்வொன்றையும் மட்டப் பலகையில் வைத்துப் பார்த்தேன். "ஐயா, இது கோணேல்லையே."

"கோணாமல் ஏன் மண்ணுக்குள்ள போகுது? நேற்று ஒரு கிடங்கே வெட்டிப்போட்டன்."

அவர் காருக்குத் திரும்பியபின் கிளாக்கர் பையை இறக்கிவைத்து மெதுவாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தண்ணி கண்டிருக்கும் அண்ணை."

கோணாத இரும்பை நிமிர்த்தித் தருகிற பழக்கம் எனக்கு இல்லை. மனிசன் அடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனேன். போகும்போது நீல மை டப்பாவைக் கொண்டுபோனேன். கடற்படைத் துறையில் நாங்கள் கப்பல் தண்டை அது சுழலும் பேரிங்குக்குள் பொருத்தும்போது இந்த மையை மெல்லிதாகப் பூசுவோம். ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால் இரும்பு எங்கே தொடுகிறது என்று நீலம் காட்டிவிடும். இரும்பு பொய் சொன்னாலும் நீலம் பொய் சொல்லாது என்று எங்கள் ஃபோர்மன் துரை சொல்லுவார். அந்த நீலத்தைக் கோல்ஃப் பந்தில் பூசலாம் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தோன்றியது? எனக்குத் தோன்றியது.

பந்துக்கு நீலம் பூசி, ஒரே அயனால் பத்து அடி அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு அடிக்கும் அயனின் முகத்தில் ஒரு நீலப் பொட்டு விழும். முதலில் கிளாக்கர் அடித்தார். பத்துப் பொட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு சதக்காசு அளவு இடத்துக்குள். பிறகு தலைவர் அடித்தார். நாலு அடி பந்தைத் தொடவே இல்லை. மிச்சம் ஆறு பொட்டும் மூக்கில் இரண்டு, குதியில் ஒன்று, அடி விளிம்பில் மூன்று என்று அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

அந்த ஒரு காலையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு பல வருஷம் பல பேருடைய பொட்டுகளைப் பார்த்துத் திருத்தி, நாலு வகைக் கை என்று வகுத்தேன். பொட்டுச் சிதறுகிறவன் புதியவன். அவனுக்கு அடி தடித்த, பாரம் கீழே இருக்கிற அயன் வேண்டும். கொஞ்சம் பின்னால் அடித்தாலும் தடித்த அடி மண்ணில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுக்கும், கீழே உள்ள பாரம் அதைத் தூக்கும். அவனுக்கு இரண்டு, மூன்று, நாலாம் இலக்கங்களைக் கொடுக்கவே கூடாது; ஐந்து, ஏழு, ஒன்பது என்று மூன்றே தடி போதும், மிச்சம் பாரம். பொட்டு ஒரு பக்கமாகச் சேரத் தொடங்கியவனுக்கு அரைத் தடிப்பு. நாலாம் இலக்கத்தில் இருந்து கொடுக்கலாம். பொட்டு ஒரே இடத்தில் விழும், ஆனால் கையில் வேகம் இல்லை என்றால், வயது போனவர்களுக்கு அப்படித்தான், துவளுகிற இலேசான தண்டு. பத்துப் பொட்டும் சதக்காசுக்குள் விழுகிறவனுக்கு மட்டுந்தான் கத்தி மாதிரி மெல்லிய தலையும் விறைத்த தண்டும். அவன் கையில் அது பேனா. மற்றவன் கையில் மண்வெட்டி. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்குத் தலைவர் அயனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீலம் என்ன சொல்லுது பாஸ்?" என்று கேட்டார். சுற்றி நாலைந்து உத்தியோகத்தர்கள் நின்றார்கள்.

என் பட்டறை நின்ற நிலம் அரசாங்கத்து நிலம். வருஷத்துக்கு ஒருமுறை அதற்குக் கையெழுத்துப் போடுவது அவருடைய கந்தோர். "ஐயா, உங்களுக்கு அடிக்கத் தெரியாது, உங்கட செட்டை உங்கட கிளாக்கரிட்டக் குடுங்கோ" என்று நான் சொல்லவா? கையில் சுத்தியல் மட்டும் இருக்கிறவன் அப்படிச் சொல்ல மாட்டான். நானும் சொல்லவில்லை. அது கச்சான் காற்று வீசிய மாதம். மேற்கில் இருந்து வருகிற அந்தச் சூடான காற்றில் திடலின் புல் எல்லாம் காய்ந்து செத்துக் கிடந்தது. என் வாயில் வந்தது அந்தக் காற்றுத்தான்.

"ஐயாவின்ர வீச்சில பிழையில்லை" என்றேன். "பிழை காத்தில. கச்சானுக்குப் புல்லுச் செத்து மணல் இளகிப்போகுது. இது வெள்ளைக்காரன் தன்ர ஊர் ஈர மண்ணுக்குச் செய்த அயன். இந்த மணலுக்கு அடி தடிச்ச அயன்தான் சரி."

தலைவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "நானும் அதைத்தான் யோசிச்சனான்" என்றார்.

கிளாக்கர் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவர் கனநேரம் நிமிரவே இல்லை.

களஞ்சியத்தில் மூலையில் கிடந்த மூன்று அயன்களை எடுத்துக்கொண்டு வந்தேன். உடைந்த லோஞ்சு விசிறியின் பித்தளையை உருக்கி, தலையின் பின்பக்கம் கீழ் ஓரத்தில் ஒட்டினேன். வலைக்குக் கட்டுகிற ஈயத்தைக் காய்ச்சி அதற்கு மேல் கொஞ்சம் வைத்தேன். பிறகு அடியை அரத்தால் உருட்டி, வழுக்குகிற மாதிரி வளைவு கொடுத்தேன். மூன்று தலைக்கு ஆறு நாள். உருக்குக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு மஞ்சள் கோடு ஓடும். அது அழிக்க ஏலாத கோடு.

அடுத்த ஞாயிறு தலைவர் ஏழாம் இலக்கத்தை எடுத்து அடித்தார். பந்து எழும்பியது. அதற்கு முன் அவர் அடித்த பந்து எழும்பியதை யாரும் கண்டதில்லை, அவரும் கண்டதில்லை. சின்னப்பிள்ளையைப் போலக் கையை நெற்றியில் வைத்து அது விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "நான் அப்பவே பாஸுக்குச் சொன்னனான், கச்சானுக்குத் தடிச்ச அயன் வேணுமெண்டு" என்றார்.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது. மனிசனுக்கு மரியாதை போகாமல் காப்பாற்றினேன் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

கப்டனுடைய மெல்லிய செட்டுக்கும் ஒரு வழி பண்ணினேன். "சும்மா வச்சா உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்கும் ஐயா. ஆராவது வச்சு அடிச்சுக்கொண்டிருந்தா நல்லம்" என்றேன். "அப்ப கிளாக்கர் அடிக்கட்டும், துருப்பிடிக்காமல் பாத்துக்கொள்ளட்டும்" என்றார். அந்த வருஷக் கிண்ணத்தைக் கிளாக்கர் எடுத்தார். தலைவர் கைதட்டி, நல்லாய்ப் பராமரிச்சிருக்கிறீர் என்று அயனைத்தான் பாராட்டினார்.

கச்சான் முடிந்து மாரி வந்தது. திடல் எல்லாம் சேறு. தலைவர் அயனை மாற்றவில்லை. அடுத்த வருஷமும் மாற்றவில்லை. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்கவில்லை.

பிறகு வெளிநாட்டுச் சாமான் வராத காலம் வந்தது. சாப்பிடுகிற பாணுக்கே வரிசையில் நின்ற நாளில் கோல்ஃப் தடிக்கு எங்கே போவது? விளையாடுகிறவர்கள் எல்லோரும் என் பட்டறைக்கு வந்தார்கள். "பாஸ், எனக்கும் ஒரு கச்சான் அயன்" என்று கேட்பார்கள். நான் முதலில் பத்து அடி அடிக்க வைப்பேன், நீலத்தைப் பார்ப்பேன். பொட்டுச் சிதறினால்தான் மஞ்சள் கோடு. அந்தக் கோடு இருந்தால் ஆள் புதியவர், கோடு பாதி மெல்லிசானால் ஆள் தேறுகிறார் என்று எனக்கும் கிளாக்கருக்கும் மட்டுந்தான் தெரியும். மற்றவர்கள் அதை எங்கள் ஊர்க் காற்றுக்கென்று செய்த விசேஷ சாமான் என்று நினைத்துப் பெருமையாகப் பையில் வெளியே தெரிகிற மாதிரிக் கொண்டு திரிந்தார்கள்.

ஒருநாள் கிளாக்கர் வந்து முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாருக்கும் மஞ்சள் கோடு போடுறியள் அண்ணை. எனக்கு மட்டும் ஏன் இல்லை?"

"உமக்குக் காத்து அடிக்கிறேல்லை தம்பி" என்றேன்.

அவர் சிரித்துச் சிரித்து, மேசைக்குப் பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் தகரத்தின் மேலேயே இருந்துவிட்டார். வெள்ளைக் காற்சட்டை முழுக்கக் கிறீஸ். வீட்டில் என்ன சொன்னாரோ தெரியாது.

அப்படிப் பதினொரு செட். உடைந்ததில் தலை, வளைந்ததில் தண்டு, துருப்பிடித்ததில் பிடி என்று சேர்த்து, பதினொரு பேருடைய கைக்குப் பதினொரு விதமாகச் செய்தேன். அந்தத் திடலில் அத்தனை வருஷம் பந்து ஓடியதென்றால் அது என்னால் ஓடியது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எழுபதுகள் முடிந்து, புதுச் சாமான்கள் கப்பலில் வரத் தொடங்கியபின் ஒரு மாரிகாலம். இளம் வங்கி உத்தியோகத்தர் ஒருவர் வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கிளப்பில் சேர்ந்து மூன்று கிழமை. கையில் மெல்லிய தலை அயன் ஒன்று, கழுத்தில் வளைந்திருந்தது. மெல்லிய தலை சேற்றுக்குள் இறங்கி மர வேரில் அடித்திருக்கிறது.

"ஐயா, நீங்கள் புதுசு. உங்களுக்கு ஆர் இதைத் தந்தது?" என்று கேட்டேன்.

"புத்தகத்தில அப்பிடித்தானே இருக்கு" என்று பைக்குள் இருந்து ஒரு சிறப்பு மலரை எடுத்தார். கிளப்பின் ஆண்டு நிறைவுக்கு அச்சடித்தது. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு வாசிக்க ஏலாது. அவரே வரி வரியாகத் தமிழில் சொன்னார். பக்கத்தின் மேலே தலைவரின் படம். கீழே, இந்தக் கரைக்கு ஏற்ற அயனைத் தெரிவு செய்யும் முறையைத் தலைவர் பல வருட ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார் என்று எழுதியிருந்தது. கச்சான் காலத்தில் தடித்த அயன், மாரி காலத்தில் மெல்லிய அயன். புதியவர், பழையவர் எல்லோருக்கும் இதுவே விதி. பந்துக்கு நீலம் பூசுவதும் அவருடைய யோசனையாம்.

"என்னைப் பற்றி ஒண்டும் இல்லையோ?" என்றேன்.

அவர் பக்கத்தைத் திருப்பித் தேடினார். "இருக்கு. கடைசி வரியில. உள்ளூர் பாஸ் ஒருவர் மினுக்கிக் கொடுத்தார் எண்டு."

மினுக்கி. குசினிக்குள் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு மினுக்குகிற மாதிரி.

அன்று பின்னேரமே கிளப்புக்குப் போனேன். தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆனால் கிளப்பில் தலைவர் அவர்தான். வராந்தாவில் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் புதுப் பலகை ஒன்று, தங்க எழுத்தில் பெயர்கள்.

"ஐயா, அந்த முறை என்ர முறை" என்றேன். அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. உண்மையாகவே விளங்காமல் பார்த்தார். "என்ன பாஸ் சொல்லுறீர்? உமக்கு ஞாபகம் இல்லையே? திடலில வச்சு நான்தானே சொன்னனான், கச்சானுக்குத் தடிச்ச அயன் வேணுமெண்டு. நீரும் ஓம் எண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டீர். எல்லாரும் பாத்தவை."

அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை.

"சரி, நீரும் கனகாலம் எங்களோட நிண்டனீர்" என்று அவரே தொடர்ந்தார். "அடுத்த முறை அச்சடிக்கேக்க உம்மட பேரையும் ஒரு மூலையில போடுவம்." சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார். மலரின் ஓரத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "உம்மட பேர் என்ன பாஸ்?"

இருபது வருஷத்துக்கு மேல். அவருடைய கந்தோர் ஒவ்வொரு வருஷமும் என் பெயர் எழுதிய கடதாசியில்தான் கையெழுத்துப் போட்டது. நான் படியிறங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "பேரைச் சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே, மூலை எண்டாலும் மூலைதானே" என்றாள். அவளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

எனக்குச் சாட்சி சொல்ல இருந்தவர் அந்தக் கிளாக்கர் ஒருவர்தான். அவர் அதற்கு முந்தின வருஷமே நெஞ்சு நோவில் போய்விட்டார். ஆகவே நானே இந்தப் புத்தகத்தை எழுதுகிறேன். இப்போது பட்டறை நின்ற நிலம் என் பெயரில் இருக்கிறது. யாருடைய கையெழுத்தும் எனக்கு வேண்டாம்.

அன்று திடலில் நான் சொன்னது பொய். காற்றுக்கும் அயனுக்கும் சம்பந்தமில்லை. ஐயா, உங்களுக்கு அடிக்கத் தெரியாது. அதனால்தான் தடித்த அயன் தந்தேன். மணல் இளகியதால் அல்ல. என் பொய்யைத்தான் நீங்கள் உங்கள் கண்டுபிடிப்பு என்று அச்சடித்திருக்கிறீர்கள்; அதை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வாசித்துவிட்டு ஒரு வங்கிப் பிள்ளை கையை முறிக்கப் பார்த்தது. அயனைத் தெரிவது காலத்தைப் பார்த்தல்ல, கையைப் பார்த்து. பத்து அடி, பத்துப் பொட்டு, நாலு வகை. அது என்னுடையது. நம்பாதவர்கள் கிளப்பில் மிஞ்சியிருக்கிற பழைய அயன்களைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு மஞ்சள் கோடு ஓடும். எந்தப் புத்தகத்தாலும் அதை மினுக்கி எடுக்க ஏலாது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சரியான முறையை அச்சடியுங்கள். சுவரில் இருக்கிற பலகையில், மூலையில் அல்ல, மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவு தங்க எழுத்தில் என் பெயரைப் போடுங்கள். பெயர் தெரியாது என்று இனிச் சொல்ல வேண்டாம். இந்தப் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்து எழுதுங்கள். முன்னால் பாஸ் என்று சேர்க்க வேண்டாம்.